ரெட்கிளா கிரேஃபிஷ் தொட்டி செட்

ரெட்கிளா என்பது ஆஸ்திரேலிய நன்னீர் கிரேஃபிஷ்; சிறிய லாப்ஸ்டர் போல இருக்கும். அக்கம்பக்க மீன்கடைகளில் விற்கும் இந்த செட்டில் இரண்டடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், பிவிசி குழாய்த்துண்டு, மூடி எல்லாம் உண்டு. ஃபில்டர் அருமை. மூடிதான் மோசம்: காற்றுக்குழாய் நுழையுமிடத்தில் மூன்று விரல் இடைவெளி. குழாயைப் பற்றியே கிரேஃபிஷ் ஏறி வெளியே விழுந்துவிடும். ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள்.

நம் சிங்கப்பூர்க் குழாய்த்தண்ணீரில் கிருமிநாசினியான குளோரமின் உண்டு; ஒருநாள் திறந்து வைத்தாலும் போகாது, அதை முறிக்கும் கண்டிஷனர் கட்டாயம். பவளத்தூளும் ஒரு கைப்பிடி போடுங்கள். சுண்ணாம்புச்சத்து குறைந்தால் ஓடு கழற்றும்போது செத்துப்போகும். கழற்றிய ஓட்டை அதுவே தின்னட்டும்.

ஓட்டில் ஓரிரு மில்லிமீட்டர் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால், உண்ணி என்று சொல்லிச் செம்பு மருந்தை நீட்டுவார்கள். வாங்காதீர்கள், செம்பு கிரேஃபிஷையே கொல்லும்! லென்ஸில் பாருங்கள். முன்னால் விரல்போன்ற இழைகள், பின்னால் ஒட்டுறிஞ்சி என்றால் அது டெம்னோசெஃபாலிட் என்ற தட்டைப்புழு; பெரும்பாலும் தீங்கில்லை. வளர்ந்த நீர் உண்ணிக்கு எட்டுக் கால். கிரேஃபிஷ் செவுளில் வாழும் ஆஸ்டகோகுரோட்டன் உண்ணி, ஆஸ்திரேலியாவின் முள் கிரேஃபிஷில் காணப்படுவது.

வளர்க்க முடியாவிட்டால் வெளியே விடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். நம் நீர்த்தேக்கங்களில் ரெட்கிளா ஏற்கெனவே பெருகியிருக்கிறது.