லோயர் ஆர்ம் வாங்கப் போகிறீர்களா? பெட்டியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கார் வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள், அடுத்த முறை ஸ்பேர்ஸ் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ஒரு கடையில், கம்பெனி ஒரிஜினல் என்று சொல்லி எனக்கு டூப்ளிகேட் லோயர் ஆர்மை விற்றுவிட்டார்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். முன் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்து வைத்திருக்கும் பாகம் அது. அதன் முனையில் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டான பால் ஜாயின்ட் ஓடும்போது கழன்றால், சக்கரம் அப்படியே மடங்கிச் சாய்ந்துவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி கேட்காது. இதில் போலி விற்பவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறினாலும் இடது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஜாக்கி போட்டு, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் கைக்கே தெரிந்தது. என் வண்டியில் அது ஆர்மோடு சேர்ந்தே வருவதால் ஆர்மையே மாற்ற வேண்டும்.

விலை ரொம்பக் குறைவாக இருந்தால் சந்தேகப்படு என்பார்கள். இங்கே அந்த அடையாளமும் இல்லை. கடைக்காரர் எம்ஆர்பியில் 10 சதவீதம்தான் தள்ளினார். பெட்டி, லோகோ, பளபளவென்று ஒரு ஸ்டிக்கர், எல்லாமே சரியாகத்தான் இருந்தன. பில் கேட்டேன். "பில்லுன்னா ஜிஎஸ்டி தனியா வரும் சார்" என்றார். எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் சேர்ந்த விலைதானே என்றதும், வேறு வழியில்லாமல் பில் போட்டார். அதில் 'லோயர் ஆர்ம் - 1' என்று மட்டும் இருந்தது, பார்ட் நம்பர் இல்லை. அதை ஏன் விட்டார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

மாட்டியதில் ஒரு குறையும் கிடையாது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, பழையதைக் கழற்றி, டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். ஆர்மை வண்டியோடு இணைக்கும் இடத்தில் இருக்கும், இரும்புக் குழாயைச் சுற்றி ரப்பர் ஒட்டிய பாகம்தான் புஷ். அந்த புஷ் போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்கியது வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டியை இறக்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அது தெரிந்துதான் செய்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்தும் வைத்தேன். வேலை முடிந்த கையோடு வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று.

சில வாரங்களிலேயே அதே 'டொக்'. பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கவும் ஆரம்பித்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பால் ஜாயின்ட்டின் ரப்பர் கவர், அச்சில் வார்க்கும்போது விழும் கோடு வழியாகவே வாய் பிளந்திருந்தது. உள்ளே கிரீஸ் என்று பெயருக்கு ஒரு பூச்சு. புஷ்ஷில் ரப்பர் ஒரு பக்கமும் இரும்புக் குழாய் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. ரப்பரே கிழிந்திருந்தால்கூட வேறு காரணம் இருக்கலாம் என்று நினைத்திருப்பேன். ஆனால் இது இரும்பில் ஒட்டவே இல்லை. உரிந்த இடம் தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது.

நல்லவேளையாகப் பழைய ஆர்மை இரும்புக் கடையில் போடவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் எண்கள் தகட்டிலேயே அடித்திருக்கின்றன. புதியதில் எல்லாம் காகித ஸ்டிக்கர்தான், நகத்தால் கீறினால் எழுத்து கையோடு வருகிறது. தெருமுனை பழைய பேப்பர் கடைத் தராசில் போட்டுப் பார்த்ததில் புதியது கிட்டத்தட்ட கால் கிலோ குறைவு. தகடு அவ்வளவு மெலிசு. இத்தனை வருடம் ஓடிய பழைய ஆர்மின் ரப்பர் கவரில் மெல்லிய வெடிப்புகள்தான், இன்னும் கிழியவில்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் கேள்வியே, "எந்த மெக்கானிக் சார் மாட்டினது?" நானேதான் என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "அப்ப ஃபிட்டிங் ஃபால்ட் சார், எங்க பார்ட்ல குறையே வராது." போனில் இருந்த படங்களைக் காட்டி, எந்த இடத்தில் ஃபிட்டிங் தப்பு, காட்டுங்கள் என்றேன். உடனே பேச்சு மாறியது. "இது எங்க கடைப் பொருளே இல்ல. பில்லுல நம்பர் எங்க இருக்கு?"

வீட்டில் வேலை பார்ப்பவர்களை இவர்கள் மடக்கும் இடம் இதுதான். நம்மிடம் ஒர்க்‌ஷாப் பில் இருக்காது, நமக்காகப் பேச மெக்கானிக்கும் இருக்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் வேறு கெடு போடாத நிலையில், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. நான் 1915 உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸும் போய்விட்டது. பதில் வரவில்லை என்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. போலி பிராண்டு விற்பது 1999 வணிகச் சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அந்தக் கம்பெனிக்கும் படங்களோடு எழுதியிருக்கிறேன்.

அந்தத் தெருவில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு, நானே வருடக்கணக்காக வாங்கியிருக்கிறேன். எந்தக் கடையானாலும் பெட்டியைக் கவுண்டரிலேயே திறக்கச் சொல்லுங்கள். தயாரித்த மாதம், வருடம், தயாரிப்பாளர் முகவரி பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்த் தூக்கி எடை பாருங்கள். பில்லில் பார்ட் நம்பரை எழுத வைத்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

சமீபத்தில் அந்தப் பக்கம் லோயர் ஆர்ம் வாங்கி மாட்டியவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, அந்த ரப்பர் கவரைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். பிளவோ ஆட்டமோ தெரிந்தால், மாற்றும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.