ஐயாயிரம் பவுண்டுக்குள் ஒரு திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்: மூன்றாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5

இங்கிலாந்தில் கூரை திறக்கும் கார் வாங்க உகந்த மாதம் நவம்பர் என்பது என் அனுபவம். வெயில் தலைகாட்டும் ஏப்ரலில் விற்பவர்கள் விலையை ஏற்றிவிடுகிறார்கள். நவம்பரில் நனைந்துகொண்டே நின்று நிதானமாகப் பேரம் பேசலாம் என்பதோடு, கூரை ஒழுகுகிறதா என்ற கேள்விக்கு வானமே விடை சொல்லிவிடும். ஊரில் இருக்கும் அண்ணனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "வருஷம் பூரா மழை பெய்யிற நாட்டுல கூரை இல்லாத வண்டிக்கு எவனாவது காசு குடுப்பானாடா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் வீட்டில் குடும்பத்துக்கென்று வேறொரு கார் இருந்ததாலும், ஆசையைத் தள்ளிப்போட இனி வயதில்லை என்று தோன்றியதாலும், 5,000 பவுண்டு என்ற வரம்பை வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினேன். கையால் மாற்றும் கியர், பின்சக்கர இயக்கம், திறக்கும் கூரை ஆகிய மூன்றும் கட்டாயம். மற்றவை எல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியவை.

பின்சக்கர இயக்கம் ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சிறு கார்களில் வண்டியை இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் முன்சக்கரங்களின் தலையிலேயே விழுவதால், வளைவில் ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தினாலும் ஸ்டீயரிங் முரண்டுபிடித்து வண்டி வளைவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும். எம்எக்ஸ்-5இல் எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி அமர்ந்திருக்கிறது. எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிகிறது. தள்ளும் வேலையைப் பின்சக்கரங்கள் ஏற்றுக்கொள்வதால் ஸ்டீயரிங்கில் சாலையின் சேதி மட்டுமே வந்து சேர்கிறது. இந்தச் சுகத்தை உணர அதிவேகம் தேவையில்லை என்பதுதான் முக்கியம். பக்ஸ்டனுக்கும் மாக்கிள்ஸ்ஃபீல்டுக்கும் இடையிலுள்ள ஏ537 மலைச்சாலையில் 50 மைல் வரம்பும் சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்களும் உண்டு. அந்த வரம்புக்குள்ளேயே இந்தக் கார் தரவேண்டியதைத் தந்துவிடுகிறது.

இதே தொகைக்கு வேறு கார்களும் கண்ணில் பட்டன. முதலில் மனம் போனது 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரிடம். எஞ்சின் நடுவில், முன்னும் பின்னுமாக இரண்டு சாமான் அறைகள், ஆறு சிலிண்டர்களின் குரல் என்று அதற்கு மயங்காதவர் குறைவு. அதன் எஞ்சினுக்குள் இருக்கும் இடைத் தண்டின் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம். எல்லாக் கார்களிலும் அது உடைவதில்லை, அச்சம் சற்று மிகைப்பட்டதும்கூட. ஆனால் முன்னெச்சரிக்கையாக மாற்றவேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும், அந்த வேலையோடு கிளட்சும் சேர்ந்துகொள்ளும். வாங்கும் விலை எட்டிய தூரத்தில் இருக்கிறது, பராமரிப்புச் செலவோ போர்ஷே என்ற பெயருக்கு ஏற்றபடியே இருக்கிறது. யானையை வாங்கிவிட்டுத் தீனிக்கு அலைய எனக்குத் தெம்பில்லை.

1999 முதல் 2007 வரை வந்த டொயோட்டா எம்ஆர்2 என்னை நிஜமாகவே தடுமாற வைத்தது. ஏறத்தாழ ஒரு டன் எடை, நடுவில் எஞ்சின், நம்பகமான பெயர். ஆனால் தொடக்க ஆண்டுகளின் 1.8 லிட்டர் எஞ்சின் எண்ணெய் குடிக்கும் பழக்கத்துக்குப் பேர்போனது. புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் புகையைச் சுத்திகரிக்க வைத்துள்ள சிறு வினையூக்கிகள் நொறுங்கி, அந்தத் துகள்கள் எஞ்சினுக்குள் திரும்பப் போகும் கதையும் உண்டு. சாமான் வைக்கும் இடம் என்று சொல்ல இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம்தான். வாரக் கடைசிக்கு இருவர் வெளியூர் போனால் ஒருவரின் பை வீட்டில் தங்கிவிடும். பிஎம்டபிள்யூ இசட்4இல் கூரையை மடிக்கும் மோட்டார், மழைநீர் வடியும் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. வடிகால் அடைத்தால் மோட்டார் நீரில் மூழ்கிவிடும். இப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் மழையே பார்த்திராதவராகத்தான் இருக்கவேண்டும். அதிலும் மூன்று லிட்டர் எஞ்சின் வேண்டுமென்பவர்கள் பதிவுத் தேதியைக் கவனிக்கவேண்டும்: 2006 மார்ச் 23 முதல் பதிவாகி, கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கரியமில வாயு வெளியிடும் கார்களுக்கு ஆண்டு வரி மேல் படிநிலைகளுக்குத் தாவிவிடுகிறது. ஹோண்டா எஸ்2000 என் கைக்கு எட்டாத விலைக்குப் போய் நெடுநாளாகிறது.

ஆக, சுற்றிச் சுற்றி எல்லாரும் வந்து சேரும் எம்எக்ஸ்-5இடமே நானும் வந்து சேர்ந்தேன். 1989இல் ஷிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது காரைக் கண்ட இந்த வகைக்கு, உதிரிபாகங்கள் மலிவாகவும் பல இடங்களிலும் கிடைக்கின்றன. எந்தத் தலைமுறை என்பதில்தான் யோசனை. மேலெழுந்து மடங்கும் முகப்பு விளக்குகள் கொண்ட முதல் தலைமுறை இப்போது சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டது. நல்ல வண்டிக்கு என் பணம் போதாது, போதுகிற வண்டி நல்லதாக இல்லை. 1998 முதல் 2005 வரையிலான இரண்டாம் தலைமுறைதான் எண்ணிக்கையில் மலிந்து கிடப்பது. ஆனால் அதன் முன்பக்க அடிச்சட்டங்கள் இரட்டைத் தகடாக இருப்பதால் நடுவே ஈரம் தங்கி, மேலே தெரியாமல் உள்ளேயே அரித்துவிடும். போதாக்குறைக்கு நான் இருப்பது லண்டனுக்குள். 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரம் முழுவதற்கும் விரிந்த, புகை அதிகம் கக்கும் வண்டிகளிடம் கட்டணம் வசூலிக்கும் யூலெஸ் மண்டலத்தில், 2005க்குப் பிறகு பதிவான பெட்ரோல் கார்கள் பொதுவாகத் தப்பித்துவிடும். அதற்கு முந்தையவற்றில் பல, வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்டவேண்டும். நான்காம் தலைமுறை விலையால் விலகிக்கொண்டது. மிஞ்சியது 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை, ரசிகர்கள் என்சி என்று அழைப்பது.

ரசிகர்களுக்கு இதன்மீது அவ்வளவு பிரியமில்லை. சுமார் 1,100 கிலோ என்பது அவர்களுக்குப் பருமன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே இடைவெளி அதிகம், வளைவில் உடல் சாய்கிறது என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்தப் பாராமுகமே விலையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. பழைய தலைமுறைகளில் இருந்த டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாக இதில் செயின் இருப்பதால் ஒரு பெரிய செலவு கணக்கிலிருந்து போய்விடுகிறது. 1.8 லிட்டருக்கு 126 குதிரைத்திறன், 2.0 லிட்டருக்கு 160. என் தீர்ப்பு: ஆறு கியர் கொண்ட 2.0 லிட்டரையே தேடுங்கள்.

இனி, இந்தக் காரை வாங்கும்போது உண்மையில் எதை வாங்குகிறோம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் கெட்டால் வேறொரு எஞ்சின் கிடைக்கும். கிளட்ச், பிரேக், கூரைத் துணி எல்லாமே மாற்றக் கூடியவை. துரு பிடித்த உடலை மட்டும் மாற்ற முடியாது. குளிர்காலத்தில் இங்கே சாலைகளில் கொட்டும் உப்பு கீழிருந்து அரிக்கிறது. கூரையிலிருந்து வரும் மழைநீர் மேலிருந்து அரிக்கிறது. துணிக்கூரை உடலோடு சேரும் இரண்டு மூலைகளிலும், இருக்கைகளுக்குப் பின்னால் வடிகால் துளைகள் உண்டு. அவற்றில் இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், நீர் வழி தேடி உள்ளே இறங்கி, கம்பளத்தின் அடியிலும் கதவுக்குக் கீழே நீளும் அடிச்சட்டத்தின் வயிற்றுக்குள்ளும் தங்கிவிடும். வெளியே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும் நாளில் உள்தகடு ஏற்கெனவே பொத்தலாகியிருக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், அடிச்சட்டம் முடியும் இடத்தில் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்; அந்த ஒரு சாண் தகடு ஓடோமீட்டரை விட அதிக உண்மை பேசும்.

பார்ப்பதற்குப் போகும் முன்பே வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நம்பர் பிளேட்டை மட்டும் கொடுத்தால் அரசின் இணையதளம் அந்தக் காரின் எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனை வரலாற்றை இலவசமாகக் காட்டிவிடும்: ஆண்டுதோறும் ஓடிய மைல், தோற்ற காரணங்கள், எச்சரிக்கைக் குறிப்புகள். சஸ்பென்ஷனோ சீட் பெல்ட்டோ பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு வலுவிழந்திருந்தால் கார் சோதனையில் தோற்கும். ஆகவே "அடிப்பாகத்தில் துரு" என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்டு, நான்காம் ஆண்டு அந்தக் குறிப்பு திடீரென்று காணாமற்போயிருந்தால், வெல்டிங் செய்த ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் கறுப்புப் பூச்சு அடித்து மறைத்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

நான் பார்த்த முதல் கார் அப்படிப்பட்டதுதான். பெயர் வேண்டாம், ஒரு வியாபாரியின் முற்றத்தில் 54,000 மைல் மட்டுமே ஓடிய, கண்ணாடிபோல் மினுங்கும் சிவப்பு வண்டி. விலை 4,600 பவுண்டு. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முழுவதும் புத்தம்புதிய கறுப்புப் பூச்சு. விரலால் அழுத்தியபோது பூச்சோடு தகடும் உள்வாங்கியது. "இந்த வயசு வண்டி எல்லாமே இப்படித்தான் சார் இருக்கும்" என்பதுபோல் அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் டார்ச்சை அணைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஹெர்ட்ஃபர்ட்ஷையரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் நான் வாங்கியது 81,000 மைல் ஓடிய 2008ஆம் ஆண்டு கார், 4,200 பவுண்டு. பானெட்டில் கல் தெறித்த புள்ளிகள், ஓட்டுநர் இருக்கையின் விளிம்பில் கிழிசல். ஆனால் ஒரு தடித்த கோப்பு நிறைய ரசீதுகள், நான்கு சக்கரங்களிலும் ஒரே கம்பெனி டயர்கள், காய்ந்த கம்பளம். எண்ணெய் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டதற்கு, மாதமிருமுறை தானே பார்ப்பதாகச் சொன்னார். அந்தப் பதிலுக்காகவே வாங்கலாம் என்று தோன்றியது, ஏனென்றால் 2009க்கு முந்தைய இந்த எஞ்சின்கள் எண்ணெய் குறைந்த நிலையில் ஓட்டப்பட்டால் மன்னிப்பதில்லை. வாங்கியதும் முதல் வேலையாக நான்கு சக்கர அலைன்மென்ட் செய்தேன். இதற்கான போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போவது சகஜம். அவை அசைந்தால் காரின் நடத்தையே மாறுகிறது, அசையாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஓராண்டு ஓட்டிய பின் குறைகளாகத் தெரிபவை இவை. ஸ்டீயரிங் மேலும் கீழும் அசையுமே தவிர நம்மை நோக்கி வராது. ஆறடி உயரக்காரர் முழங்காலை எங்கே வைப்பதென்று தேடுவார். நெடுஞ்சாலையில் 70 மைலில் துணிக்கூரைக்குக் கீழே உரையாடல் கிடையாது, உரத்த குரல்தான். சாமான் அறை 150 லிட்டர். வெம்பிளியில் வாரச் சாமான் வாங்கினால் அரிசி மூட்டை பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வரும். உலோகக் கூரை தானாக மடியும் வகையும் உண்டு. பன்னிரண்டு வினாடியில் திறக்கும், சாமான் இடத்தையும் தின்னாது; தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு அதுவே நல்லது. எனக்குத் துணிக்கூரையே போதும்: நடுவில் ஒரு கொக்கியை விடுவித்து, இருக்கையிலிருந்து எழாமல் ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினால் முடிந்தது. சிக்னல் பச்சையாகும் முன் திறந்துவிடலாம்.

சென்ற டிசம்பரில் அண்ணன் வந்திருந்தபோது, ஹீட்டரைக் காலுக்கு முழுவதுமாகத் திருப்பி, குல்லாய் போட்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சில்டர்ன் குன்றுகளின் சிறு சாலைகளில் ஒரு சுற்றுப் போனேன். கூரையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது, அடுத்த முறை தான் ஓட்டவேண்டுமென்றால் தன்னையும் இன்சூரன்ஸில் சேர்க்க எவ்வளவு ஆகும் என்று மட்டும் விசாரித்தார்.