ஈஐஆர் மானியம்: தொடக்க நிலையா, இடைநிலையா?

அமெரிக்கக் கல்வித் துறை கல்வியில் புதுமைக்கும் ஆய்வுக்கும் தரும் ஈஐஆர் (EIR) போட்டி மானியத்தில் எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது என்பதைக் கையிலுள்ள ஆதாரத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்; தொகையைப் பார்த்து அல்ல. 2023இல் தொடக்க நிலைக்கு உச்சவரம்பு 40 லட்சம் டாலர், இடைநிலைக்கு 80 லட்சம்.

தொடக்க நிலைக்கு, திட்டம் எப்படிப் பலன் தரும் என்று படிப்படியாகக் காட்டும் வரைபடமும் அதற்குத் துணைநிற்கும் ஆய்வும் போதும். இடைநிலையில் கெடுபிடி அதிகம். தனி ஆய்வு ஒன்றை ஆதாரமாக வைத்தால், அதில் ஒப்பீட்டுக் குழு இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், குறைந்தது 350 மாணவர்களை வைத்து நடந்திருக்க வேண்டும். ஒரே பள்ளியில் எடுத்த முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களை மட்டும் நம்பி இடைநிலைக்குப் போனால் விண்ணப்பம் வாசலிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட பள்ளிகளுக்குத் தொடக்க நிலையே சரி: மானியத்தோடு கட்டாயமாக வரும் சுயேச்சை மதிப்பீட்டை ஒழுங்காக நடத்தினால், அதன் முடிவே அடுத்த படிக்கான ஆதாரமாகும்.

இரண்டிலும், மானியத் தொகையில் 10% அளவுக்கு மானியம் பெறுபவரின் பங்களிப்பு உண்டு. 40 லட்சத்துக்கு 4 லட்சம். ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. அமெரிக்க அரசின் மானியத்துக்கு விண்ணப்பிப்போர் பதிந்திருக்க வேண்டிய சாம் (SAM.gov) தளப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். அது காலாவதியாகி, நல்ல திட்டம் கடைசி நாளில் பதிவேற முடியாமல் போவது பெரிய வேதனை.