பத்தாயத்தில் வித்துக்கு ஓர் அறை: கில்டு வார்ஸ் 2-இல் 12 ஆண்டு சேகரித்த அனுபவம்

கில்டு வார்ஸ் 2 என்னும் இணைய விளையாட்டு 2012 ஆகஸ்ட் 28 அன்று வெளிவந்தது. நான் அதற்குள் நுழைந்தது 2013 ஜனவரியில். மாதச் சந்தா இல்லை, ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதும் என்பதுதான் கன்னியாகுமரி மாவட்டத்துப் பூதப்பாண்டியில் கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கி விளையாடிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குப் பெரிய ஈர்ப்பாக இருந்தது. ஆனால் 12 ஆண்டுகளுக்கு மேலாக என்னை அதில் பிடித்து வைத்திருப்பது சண்டையும் அல்ல, கதையும் அல்ல; பொருள் சேர்க்கும் ஆசை. ஆகவே இந்தப் பகிர்வில் அந்த விளையாட்டின் மற்ற சிறப்புகளுக்குள் போகாமல், சேர்த்த பொருளை எங்கே, எப்படி வைப்பது என்ற ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதியவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டில் நாம் இயக்கும் ஆளைப் பாத்திரம் என்போம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தொடக்கத்தில் 20 கட்டங்கள் கொண்ட ஒரு பை கிடைக்கும். மேலும் பைகளை மாட்டிக்கொள்ளலாம். எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவாக ஒரு வங்கி உண்டு. அதன் ஒரு பக்கத்தில் 30 கட்டங்கள். ஒரே வகைப் பொருள் ஒரு கட்டத்தில் 250 வரை அடுக்காகச் சேரும். சண்டைக்காக விளையாடுகிறவருக்கு இது தாராளம். அவர் பயன்படாததை விற்றோ உடைத்தோ பையைக் காலி செய்துகொண்டே போவார். சேகரிக்கிறவரின் நிலை வேறு. பயன் தீர்ந்த பிறகுதான் ஒரு பொருள் அவருடைய சேகரிப்புக்குள் வருகிறது.

இந்த விளையாட்டின் சேமிப்பு முறையில் எனக்கு முதலில் பிடித்துப்போனது மெட்டீரியல் ஸ்டோரேஜ். மரம், தாது, தோல், துணி, சமையல் சரக்கு என்று கைவினைக்கு வேண்டிய ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் அங்கே தனித்தனிக் கட்டம் நிலையாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. காட்டில் நின்றுகொண்டே ஒரு பொத்தானை அழுத்தினால் பையிலுள்ள மூலப்பொருள்கள் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்விடும். ஒன்றுகூட இல்லாத பொருளின் கட்டமும் மறைந்துவிடாமல் மங்கிய படமாக அங்கேயே இருக்கும். எது இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதையும் ஒரே பார்வையில் காட்டும் இந்த ஏற்பாட்டின் அருமை, அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகே எனக்கு முழுதாக விளங்கியது.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பழைய வீட்டில் இருந்த அயனி மரப் பத்தாயம் நினைவுக்கு வரும். பாட்டா, அதாவது என் தாத்தா, அதைப் பலகை வைத்துத் தடுத்திருந்தார். எங்கள் பக்கத்து இரண்டு நெற்போகங்களில் கன்னிப்பூ நெல் ஒரு பக்கம், கும்பப்பூ நெல் ஒரு பக்கம், ஓரத்தில் சின்னதாக வித்துக்கு ஓர் அறை. அறுவடை கூடிய வருடத்தில் பெரிய அறைகளில் நெல் வழிந்து வெளியே மூட்டையாகக் கிடந்ததும் உண்டு. ஆனாலும் வித்தறை காலியாக இருந்த மாதங்களில்கூட வேறு நெல்லை அதில் கொட்ட விடமாட்டார். "வித்து கெடக்க எடத்துல வேற நெல்லு போடப்பிடாது" என்பார். உண்பதற்கான நெல்லும் விதைப்பதற்கான நெல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் அந்தத் தடுப்புப் பலகை வேண்டியிருந்தது. ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பொருள்களில் ஒன்றை மட்டும் தனியாகக் காக்கும் வசதி: என் 12 ஆண்டு அனுபவத்தில் ஆன்லைன் விளையாட்டுகளிடம் நான் கேட்பது ஏறக்குறைய இதைத்தான்.

2014 ஏப்ரல் வரை ஆயுதம், கவசம் ஆகியவற்றின் தோற்றத்தை விரும்பிச் சேர்ப்பவர்கள் பொருளையே வைத்திருக்க வேண்டியிருந்தது. என்னிடம் அப்போது இருந்த வங்கிப் பக்கங்களில் பெரும்பகுதி, யாரும் அணியாத கவசங்களாலேயே அடைந்து கிடந்தது. அந்த மாதம் வந்த மாற்றத்தில் வார்ட்ரோப் அறிமுகமானது. ஒரு பொருளின் தோற்றம் ஒருமுறை கணக்கில் பதிவாகிவிட்டால் பொருளைத் தூக்கிப் போட்டாலும் தோற்றம் நிலைக்கும். வேண்டும்போது, தோற்றம் மாற்றுவதற்கான டிரான்ஸ்மியூட்டேஷன் சார்ஜ் ஒன்றைச் செலவழித்து எந்தப் பாத்திரத்துக்கும் அதைப் போட்டுக்கொள்ளலாம். பின்னர் நாவல்டி என்ற பகுதி வந்து, இசைக்கருவிகள், நாற்காலிகள், உருமாற்றும் பானங்கள் ஆகியவையும் அதுபோலவே பதிவுகளாயின. 2021 ஜூலையில் வந்த லெஜண்டரி ஆர்மரி, விளையாட்டின் உச்சநிலைக் கருவிகளை எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவாக்கியது. இந்த மூன்றும் சேர்ந்து என் வங்கியைக் காப்பாற்றின என்றே சொல்வேன். வார்ட்ரோப் வந்த வாரத்தில் மட்டும் இரண்டு முழுப் பக்கங்கள், அதாவது 60 கட்டங்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

இருந்தாலும் பதிவு என்பது பொருளின் வகையைத்தான் காக்கும். இந்தக் குறிப்பிட்ட பொருளைக் காக்காது. வகைக்கு வேலை இல்லாத பொருள்கள், அதாவது 2013-இல் சில வாரங்கள் மட்டும் நடந்து முடிந்த நிகழ்வுகளில் கிடைத்த நினைவுப் பொருள்கள், ஒருவர் கையால் கொடுத்த பரிசுகள், பாதியில் நிறுத்திய தேடலின் மிச்சங்கள் ஆகியவற்றுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. அவை வங்கியின் சாதாரணக் கட்டங்களில், நாளை விற்கப்போகும் சரக்கோடு தோளோடு தோள் உரசிக் கிடக்கின்றன.

இதன் விளைவை நான் 2019-இல் பட்டு அறிந்தேன். கருங்கல்லைச் சேர்ந்த நண்பன் ஒருவனும் நானும் ஒரே வாரத்தில் விளையாடத் தொடங்கியவர்கள். வில் செய்யும் கைவினையை அவன் கற்றபோது, முதன்முதலாகச் செய்த பச்சைத்தர (நிறத்தால் குறிக்கும் தரவரிசையில் கீழ்ப்படியில் உள்ள) வில்லை விளையாட்டுக்குள் உள்ள அஞ்சலில் எனக்கு அனுப்பி, "மக்கா, நான் மொதமொதல்ல செஞ்ச வில்லு இது, வித்துராதல" என்று எழுதியிருந்தான். பிறகு அவன் வேலைக்குக் குவைத் போனான், விளையாட்டை விட்டுவிட்டான். வில் என் வங்கியில் ஆறு ஆண்டுகள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கிப் பக்கங்களை மாற்றி அடுக்குவதற்காக ஒரு பக்கத்துப் பொருள்களைப் பைக்கு எடுத்தேன். இடையில் பை நிறைந்துவிட்டது. இடம் பண்ணுவதற்காக, பச்சைத்தரப் பொருள்கள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் உடைத்து மூலப்பொருளாக்கும் தேர்வை அழுத்தினேன். உயர்தரப் பொருளை அழிக்கும்போது அதன் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லி விளையாட்டு நிறுத்திக் கேட்கும். பச்சைத்தரத்துக்கு அந்தத் தடை கிடையாது. திரையின் ஓரத்தில் வரிவரியாக ஓடிய பட்டியலில் இரண்டு சாஃப்ட் வுட் மரத்துண்டுகள் வந்தன. அவற்றையும் பழக்க வேகத்தில் மெட்டீரியல் ஸ்டோரேஜுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே ஏற்கெனவே 180-க்கு மேல் மரத்துண்டுகள் இருந்தன. வில் போனது எனக்கு உறைத்தபோது, அந்த இரண்டு துண்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றாலும் எவை என்று பிரிக்க வழியில்லை.

அவசரம் என்னுடையது. அதே வில்லை வேறொருவரிடம் சில செப்புக்காசுக்கு வாங்கிவிடலாம் என்று கில்டில், அதாவது விளையாடுவோர் சேர்ந்த குழுவில், ஒருவர் ஆறுதல் சொன்னார். கண்ணுக்கு அது அச்சு அசலாக அதே வில்தான். நான் வாங்கவில்லை.

அன்றிலிருந்து என் அடுக்குமுறையை முழுவதும் மாற்றிக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பழைய சாலைகளில், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்கள். அதுபோலச் சண்டைக்கே போகாமல் பொருள் தாங்குவதற்காக மட்டும் நான்கு பாத்திரங்களை வைத்திருக்கிறேன். ஒருவரிடம் திருவிழாப் பொருள்கள், ஒருவரிடம் பரிசுகள், ஒருவரிடம் பாதித் தேடல்கள், ஒருவரிடம் இரட்டைப்படிகள். அவர்களை நுழைவதும் வெளியேறுவதும் தவிர வேறு எதற்கும் நான் பயன்படுத்துவதில்லை. உடைக்கும் கருவியை அவர்கள் பையில் வைப்பதே இல்லை. முதன்மைப் பாத்திரத்திடம், அடுக்கும்போது இடம் மாறாமலும் வணிகரின் விற்பனைப் பட்டியலில் தோன்றாமலும் பொருளைக் காக்கும் இன்விசிபிள் பை ஒன்று இருக்கிறது. சேகரிக்கும் எவரும் முதல் வேலையாகச் செய்துகொள்ள வேண்டியது அது.

தனி ஒருவராகவே ஒரு கில்டு தொடங்கி, அதன் பொதுச் சேமிப்பைத் தன் கிடங்காக்கிக்கொள்வோர் பலர் உண்டு. நானும் செய்து பார்த்தேன். முதல் பகுதியில் 50 கட்டங்கள், பின்னர் இரண்டு பகுதிகளில் நூறு நூறு என்று மொத்தம் 250 கட்டங்கள் கிடைக்கும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கோடு கட்டுண்ட, அதாவது பிறருக்குக் கைமாற்ற முடியாத பொருள்களை அங்கே வைக்க முடியாது. நினைவுப் பொருள்களில் பெரும்பாலானவை கட்டுண்டவை. எனவே சேகரிப்பவரின் உண்மையான சுமையை இந்த வழி குறைப்பதில்லை; சந்தைச் சரக்கை அங்கே தள்ளி வங்கியில் இடம் பண்ணிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

விளையாட்டின் கடையில் செல்லும் நாணயம் ஜெம். கூடுதல் வங்கிப் பக்கத்துக்கு 600 ஜெம், மூலப்பொருள் அடுக்கை இன்னும் 250 உயர்த்த 800 ஜெம். விளையாட்டுக்குள் சம்பாதித்த தங்கத்தைக் கொடுத்தும் ஜெம் வாங்கலாம் என்பதால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வங்கிப் பக்கத்தை வாங்குங்கள்.

இடத்தைவிடப் பெரிய சிக்கல் தேடுவது. வங்கியில் உள்ள தேடுபெட்டி வங்கிக்குள் இருப்பதைக் காட்டும். சுமைதாங்கிப் பாத்திரத்தின் பைக்குள் உறங்குவதைக் காட்டாது. இதற்கு, விளையாட்டின் தரவை வெளித் தளங்கள் படிக்க உதவும் ஏபிஐ வழியாகத்தான் எனக்கு விடிவு கிடைத்தது. படிக்க மட்டும் உரிமை தரும் ஒரு திறவுகோலை உருவாக்கி ஜிடபிள்யூ2 எஃபிஷியன்ஸி என்ற தளத்தில் கொடுத்தால், எந்தப் பொருள் எந்தப் பாத்திரத்திடம் எத்தனை இருக்கிறது என்று ஒரே பட்டியலாகத் தந்துவிடும். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். ஏன் எழுதுகிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மற்ற விளையாட்டுகளிலும் இதே தேவைக்கு வெவ்வேறு தீர்வுகள் வந்திருக்கின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2011-இல் வாய்ட் ஸ்டோரேஜ் என்ற ஆழ்கிடங்கு வந்தது. 2024-இல் எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவான வார்பேண்ட் வங்கி, பக்கத்துக்கு 98 கட்டங்களாக ஐந்து பக்கங்களோடு வந்தது. என் சித்தி மகன் விளையாடும் ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் ஏவலாள் ஒவ்வொருவரும் 175 பொருள்கள் வைத்திருப்பார். திருவிழா உடைகள் போன்றவற்றை வைக்க ஆர்மோயர் என்ற அலமாரி தனியாக உண்டு. டெஸ்டினி 2-இலும் கென்ஷின் இம்பாக்டிலும் ஆயுதத்தின்மேல் ஒரு பூட்டுக் குறி போட்டுவிட்டால் அதை உடைக்கவோ உருக்கவோ முடியாது. அந்தச் சிறு பூட்டு என்னிடம் இருந்திருந்தால் வில் இன்றும் இருக்கும். வார்கிராஃப்டில் கைவினைப் பொருளில் செய்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதும் நான் ஏக்கத்தோடு பார்க்கும் ஒன்று.

நோட்டில் எழுதும் பழக்கம் ஒக்கி புயலுக்குப் பிறகு வந்தது. 2017 நவம்பர் 30 அன்று எங்கள் மாவட்டத்தில் மின்கம்பங்களும் ரப்பரும் வாழையும் சாய்ந்து, எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வரப் பல நாள்கள் ஆயின. ஓடு பறந்த அறையில் இருந்த என் அஞ்சல்தலை ஆல்பம் நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. மின்சாரம் வந்ததும் விளையாட்டுக்குள் போனேன். வங்கியில் ஒரு கட்டமும் மாறாமல் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. வீட்டில் இருந்த சேகரிப்பு போய், எங்கோ தொலைவில் சர்வரில் இருந்த சேகரிப்பு நின்றது. ஆனால் அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2012 நவம்பர் 30 அன்று, சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் விளையாட்டின் சர்வர்கள் நிறுத்தப்பட்டன என்பதையும் நான் மறக்கவில்லை. புயல் சர்வரைத் தொடாமல் போகலாம். சர்வரையே அணைக்கும் நாள் ஒன்று வரவும் கூடும். ஆகவே பட்டியலாவது என் கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சேகரிப்பவர்களுக்காகச் சேமிப்பை மேம்படுத்துவது என்றால் பெரும்பாலும் இன்னும் கூடுதல் கட்டங்கள் என்றே பேசப்படுகிறது. நான் வேண்டுவது எண்ணிக்கையை அல்ல. 30 கட்டங்கள் கொண்ட ஒரே ஒரு பக்கம் போதும். அதில் வைத்த பொருள் விற்பனைக்கும் உடைப்புக்கும் அடுக்கலுக்கும் ஆட்படக்கூடாது; கட்டுண்ட பொருளும் அங்கே செல்ல வேண்டும்; பொருளின்மேல் சுட்டியை வைத்தால் அது கிடைத்த நாளும் கொடுத்தவர் பெயரும் தெரிய வேண்டும்; எடுத்த பிறகும் மெட்டீரியல் ஸ்டோரேஜில் இருப்பதுபோல மங்கிய படம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை இந்த விளையாட்டிலோ பிற விளையாட்டுகளிலோ ஏற்கெனவே தனித்தனியே உள்ளவைதான். ஒரே இடத்தில் அவற்றைச் சேர்ப்பதுதான் பாக்கி.

அதுவரை என் ஏற்பாடு தொடர்கிறது. டிசம்பர் நடுவில் விண்டர்ஸ்டே திருவிழா தொடங்கும்போது பரிசுப் பொட்டலங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அதற்குள் திருவிழாப் பாத்திரத்தின் பையில் 20 கட்டங்களாவது காலி செய்ய வேண்டும். பரிசுகள் வைத்திருக்கும் பாத்திரத்தின் பையை மட்டும் தொடப்போவதில்லை.