‘கோ ஹோம்’, ‘கோ டு ஹோம்’: எது சரி?

‘ஐ வான்ட் டு கோ டு அப்ராட்.’ நன்றாகப் படித்தவர்கள் எழுதும் கடிதத்தில்கூட இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. இதில் இரண்டாவது ‘டு’ வேண்டாத சரக்கு. ‘கோ அப்ராட்’ சரி, ‘கோ டு அப்ராட்’ தவறு. ‘கோ ஹோம்’ சரி, ‘கோ டு ஹோம்’ தவறு. ஆனால் ‘கோ டு ஸ்கூல்’ என்றால் ‘டு’ கட்டாயம்.

இதற்குப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ‘அங்கே’ என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அங்கே போனான்’, ‘அங்கே இருக்கிறான்’ என்போம். ‘அங்கேக்குப் போனான்’, ‘அங்கேயில் இருக்கிறான்’ என்று எழுத மாட்டோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘கு’வும் ‘இல்’லும் அடங்கிவிட்டன. ஹியர், தேர், அவுட்சைட், அப்ஸ்டேர்ஸ், அப்ராட் எல்லாம் இதே குடும்பம். அதனால் ‘ஹி இஸ் இன் அப்ராட்’ என்பதும் தவறு. ‘ஹி இஸ் அப்ராட்’ போதும். ‘அங்கிருந்து’ என்று நாம் சொல்வதால் ‘ஃப்ரம் தேர்’, ‘ஃப்ரம் அப்ராட்’ இரண்டும் சரி.

பிழை எங்கே நுழைகிறது என்றால், அப்ராடுக்கும் ஹோமுக்கும் நம்மிடம் இருப்பவை ‘வெளிநாடு’, ‘வீடு’ என்ற பெயர்ச்சொற்கள். அவற்றோடு வரும் ‘க்கு’வை ‘டு’ ஆக்கிவிடுகிறோம். ஆனால் ‘வீடு திரும்பினாள்’, ‘வெளிநாடு போனார்’ என்றும் நாம்தானே சொல்கிறோம்? ‘வென்ட் ஹோம்’, ‘வென்ட் அப்ராட்’ அப்படியே அதுதான். பழைய ஆங்கிலத்தில் ஹோமின் இரண்டாம் வேற்றுமை வடிவமே ‘வீட்டுக்கு’ என்ற பொருளைத் தந்தது. இன்றைய ‘கோ ஹோம்’ அதன் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை: முன்னால் ‘மை’, ‘ஹர்’ வந்துவிட்டால் ஹோம் முழுப் பெயர்ச்சொல் ஆகிவிடும். அப்போது ‘டு மை ஹோம்’ என்பதே சரி. ‘அட் ஹோம்’ என்பதும் பிழையில்லை.

நியர், நியர்பை இரண்டுக்கும் நாம் ‘பக்கத்தில்’ என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. எதன் பக்கத்தில் என்று சொன்னால் நியர்: ‘நியர் மை ஹவுஸ்’. சொல்லாமல் விட்டால் நியர்பை: ‘தேர் இஸ் எ பேங்க் நியர்பை.’ ‘நியர்பை மை ஹவுஸ்’ வேண்டாம்.

அப்புறம், சொல் வரிசை. ‘பையை இங்கே வை’, ‘இங்கே பையை வை’ இரண்டும் தமிழில் நன்றாகவே இருக்கின்றன, ‘ஐ’ உருபு எது செயப்படுபொருள் என்று காட்டிவிடுவதால். ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை, இடம்தான் காட்ட வேண்டும். ஆகவே ‘புட் த பேக் ஹியர்’ சரி, ‘புட் ஹியர் த பேக்’ தவறு. காலமும் இடமும் சேர்ந்து கடைசியில் வந்தால் இடம் முன்னே, காலம் பின்னே: ‘ஷி கேம் ஹியர் யெஸ்டர்டே.’ நம் ‘நேற்று இங்கே வந்தாள்’ வரிசைக்கு இது நேர் எதிர்.

வாக்கியம் ஹியரில் தொடங்கும்போது மட்டும் வேறு கணக்கு. பஸ் வருவதைக் காட்டி ‘இதோ பஸ் வருது’ என்பதற்கு ‘ஹியர் கம்ஸ் த பஸ்’, வினை முந்திக்கொள்ளும். பஸ்ஸை ‘இட்’ ஆக்கினால் ‘ஹியர் இட் கம்ஸ்’. வினை மறுபடி பின்னால் போய்விடும்.