புற்றுநோய்ச் செலவுக்கு முதல்வர் காப்பீடா, தனியார் பாலிசியா?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் பயாப்சி ரிப்போர்ட் வந்த வீடுகளில் உடனே எழும் கேள்வி இது.

சேர்வது:
முதல்வர் காப்பீடு (தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்): குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, கலெக்டர் ஆபீஸ் கவுன்ட்டர் என்று அலைச்சல்தான். ஆனால் நோய் வந்த பிறகும் சேரலாம்.
தனியார்: ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு. இன்று பாலிசி, நாளை கீமோ என்பது நடக்காது.

பிரீமியம்:
முதல்வர் காப்பீடு: அரசே கட்டுகிறது.
தனியார்: வயதோடு ஏறும்.

வரம்பு:
முதல்வர் காப்பீடு: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். பட்டியலில் உள்ள சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனை மட்டும்.
தனியார்: எடுத்த தொகை வரை. அறை வாடகை வரம்பைப் பாருங்கள். அதைத் தாண்டிய அறையில் படுத்தால், பல பாலிசிகளில் டாக்டர் ஃபீஸிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும்.

இரண்டுமே பொதுவாகத் தராதது பஸ் காசு, துணைக்கு வருபவரின் இழந்த கூலி. கதிர்வீச்சு பெரும்பாலும் வாரம் 5 நாள், பல வாரம். நாகையிலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் ரயில் சலுகையை விடாதீர்கள்: ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுக் கட்டணமும், துணைக்கு 75 சதவீதமும் தள்ளுபடி. மருத்துவமனைச் சான்று வேண்டும்.

கூலி வேலை, சிறு சாகுபடி என்றால் யோசிக்காமல் முதல்வர் காப்பீடு. வருமானம் வரம்புக்கு மேல் என்றால், உடம்பு நன்றாக இருக்கும்போதே தனியார். அப்புறம், குறுவைப் பணம் வரட்டும் என்று பிரீமியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கெடுவுக்குப் பிறகு தரும் சலுகை நாட்களும் தாண்டினால் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து.