பெர்லினில் ஒரு விர்ச்சோ நடை: ஜாடிகள் அருமை, கதைதான் அரைகுறை

பயாப்சி திசுக்களை வெட்டி ஸ்லைடு போடுவது என் வேலை. நோய் செல்லில் தொடங்குகிறது என்று சொன்ன 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ எங்கள் லேபில் கிட்டத்தட்ட குலதெய்வம். அதனால் அவர் பெயரில் பெர்லினில் ஒரு வழிகாட்டி நடை இருக்கிறது என்று தெரிந்ததும் யோசிக்காமல் பணம் கட்டினேன். நடத்துகிறவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை.

கார்ல்பிளாட்ஸில், 1910இல் வைத்த நினைவுச் சின்னத்திலிருந்து கிளம்புகிறோம். மேலே கிரேக்கப் புராணத்து ராட்சதன் ஒருவன், ஒரு டைட்டன், பெண் முகமும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்க்ஸோடு மல்லுக்கட்டுகிறான். விர்ச்சோ எங்கே என்று தேடினால் பீடத்தில் புடைப்பு முகமாக மட்டும் இருக்கிறார். 1821இல் பொமரேனியாவில் பிறந்தது, ராணுவச் செலவில் மருத்துவம் படித்தது எல்லாம் வழிகாட்டிப் பையன் ஒழுங்காகத்தான் சொன்னான்.

பிறகு வந்தது சாசேஜ் கதை. அரசியலில் எதிரியான பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்குக் கூப்பிட்டாராம், விர்ச்சோ புழு வைத்த சாசேஜ் ஒன்றும் நல்ல சாசேஜ் ஒன்றும் ஆயுதமாகக் கேட்டாராம். கூட்டம் சிரித்தது. 1865இல் பிஸ்மார்க் சவால் விட்டதும் விர்ச்சோ மறுத்ததும் உண்மை. சாசேஜுக்கு ஆதாரம் கிடையாது. பன்றி இறைச்சியில் வரும் ட்ரிக்கினெல்லா புழுவை அவர் ஆராய்ந்ததும், இறைச்சிப் பரிசோதனை கட்டாயமாக வேண்டும் என்று போராடியதும் அதைவிட நல்ல கதை. அதைச் சொல்லவே இல்லை.

பெரிய ஓட்டை 1848. டைஃபஸ் என்ற கொள்ளைக் காய்ச்சல் (டைஃபாய்டு அல்ல) பரவிய மேல் சைலீசியா என்ற மாகாணப் பகுதிக்குப் பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது. திரும்பி வந்து அவர் எழுதிய அறிக்கை மருந்துப் பட்டியல் அல்ல: வறுமை, பட்டினி, நிர்வாகத்தின் அலட்சியம் இவைதான் நோய்க்குக் காரணம், கல்வி கொடுங்கள், சுதந்திரம் கொடுங்கள், அங்குள்ளவர்கள் பேசும் போலிஷை அலுவல் மொழியாக்குங்கள் என்றார். அப்போது வயது 26! மார்ச்சில் வெடித்த புரட்சியில் பெர்லின் தெருவில் தடுப்பரண் கட்டினார். அதன் விளைவாக மறு ஆண்டே பெர்லினை விட்டு வுர்ட்ஸ்பர்க் போக வேண்டியதாயிற்று. 1856இல் பேராசிரியராகத் திரும்பினார். 1858இல் ‘செல்லிலிருந்தே செல்’ உருவாகும் என்ற கொள்கையைச் சொல்லும் புத்தகம். இதையெல்லாம் பையன் ஒரே மூச்சில், நடந்துகொண்டே, முதுகைக் காட்டியபடி முடித்தான். பின்வரிசையில் யாருக்கும் காதில் விழவில்லை.

ஷாரிட்டே மருத்துவமனை வளாகத்திலுள்ள மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம்தான் கட்டிய காசுக்கு நியாயம் செய்தது. 1899இல் விர்ச்சோவே திறந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் பெரும்பகுதி அழிந்தது. மிஞ்சியவற்றில் ஒரு பகுதி ஜாடிகளில் வரிசையாக நிற்கிறது. கல் நிறைந்த பித்தப்பை, வீங்கிய பெருந்தமனி, உருக்குலைந்த நுரையீரல். மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே பார்த்துப் பழகிய நோய்களை முழு உறுப்பாகப் பார்க்கும்போது ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. ரத்தப் புற்றுக்கு ‘லுக்கீமியா’ என்று பெயர் வைத்தவர், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரல்வரை போய் அடைக்கும் என்று நிரூபித்தவர், கடைசியில் இந்த அலமாரிகளுக்கு நடுவில்தான் புரிகிறார். இங்கே ஒதுக்கியது இருபது நிமிடம்கூட இல்லை. குண்டுவீச்சில் சிதைந்த அவருடைய விரிவுரைக் கூடத்துக்குக் கையைக் காட்டியதோடு சரி.

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோஹ் பெயரிலான சதுக்கத்தில் பையன் மறுபடி தேறினான். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பதை விர்ச்சோ முழு மனதோடு ஏற்காததையும், நியாண்டர்தால் என்ற ஆதி மனித இனத்தின் எலும்பை நோயுற்ற சாதாரண மனிதனுடையது என்று 1872இல் தீர்ப்புச் சொன்னதையும் மறைக்காமல் சொன்னான். குலதெய்வம் என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பொறியாளர் ஹோப்ரெக்டின் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு நகரமன்றத்தில் விர்ச்சோ துணை நின்றதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அந்தச் சாக்கடை காப்பாற்றிய உயிர்களுக்கு ஜாடியில் இடம் இல்லை அல்லவா!

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். மருத்துவம், நர்சிங், லேப் படிக்கிறவர்கள் நடையை விட்டுவிட்டு நேரே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போவதென்றால் மாதிரிக் கூடத்தில் பிறவிக் குறையுள்ள சிசுக்களும் இருக்கின்றன, முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.